மடியில வெச்சிக்கம்மா

போன மே மாதம் குடியாத்தம் போய்வந்தோம். வந்து இத்தனை நாளாகியும் வழியில் அம்மா கேட்ட ஒரு கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. "ஏன்டி, என் மடியவிடவா அந்த சீட்டு பத்திரம்?" காரில் என் மகனுக்காக மாட்டியிருக்கும் குழந்தை சீட்டைத்தான் சொன்னாள். கோபமாகக் கேட்கவில்லை. பேரனைப் பார்த்துக்கொண்டே, நிஜமாகவே தெரிந்துகொள்கிற குரலில் கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் "சரிம்மா, வெச்சிக்கோ" என்றேன். அந்தச் 'சரி'யைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு, அம்மன் தலையை ஊர்வலமாகக் கொண்டுவரும் திருவிழா. அந்த ஊரில் பிறந்தவர்கள் தீபாவளிக்கு வராவிட்டாலும் போகட்டும், சிரசுக்கு வந்தாக வேண்டும். அம்மா பிறந்த ஊர். கத்திரி வெயில் உச்சத்தில் இருக்கும் நேரம்தான், ஆனால் பிள்ளைகளுக்கும் லீவு. கணவருக்கு வேலை, அவர் மறுநாள் ரயிலில் வருவதாக ஏற்பாடு. நான் வண்டி ஓட்ட, பின்சீட்டில் வலது ஜன்னலோரம் எட்டு வயது மகள், இடது ஜன்னலோரம் மூன்றரை வயது மகன், நடுவில் அம்மா. முன்சீட்டு முழுக்கப் பை. காலை நாலரைக்குப் போரூரைத் தாண்டிவிட்டோம். சுமார் 170 கிலோமீட்டர், நேரே போனால் மூன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். எங்கள் வீட்டில் யாரும் நேரே போனதில்லை. ஆற்காட்டில் அத்தை, சத்துவாச்சாரியில் சின்னம்மா, அப்புறம்தான் குடியாத்தம். ஒரு வீட்டுக்குப் போய் இன்னொரு வீட்டுக்குப் போகாமல் வந்தால் அடுத்த வருடம் வரை அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

இரண்டு பிள்ளைகளுக்கும் தனித்தனி சீட் உண்டு. மகளுக்கு பூஸ்டர். பெரியவர்களுக்குச் செய்த பெல்ட் எட்டு வயதுப் பிள்ளைக்குக் கழுத்திலும் வயிற்றிலும்தான் வந்து உட்காரும். வேகமாக நின்றால் அந்த பெல்ட்டே காயப்படுத்திவிடும். பூஸ்டர் பிள்ளையைக் கொஞ்சம் உயர்த்தி, பெல்ட்டைத் தோளிலும் இடுப்பெலும்பிலும் படியவைக்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை. மகனுக்கு ஐந்து இடத்தில் பிடிக்கும் வாரோடு முழு சீட். கைக்குழந்தையாக இருந்தபோது பின்பக்கம் பார்த்தபடி இருந்தான், ஏனென்றால் அந்த வயதில் தலை கனம், கழுத்துக்கு பலம் போதாது. இரண்டு வயதுக்கு மேல்தான் முன்பக்கம் திருப்பினேன். 12,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன் என்றபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்த விலை எல்லாச் சொந்தக்காரர்கள் வீட்டுக்கும் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது.

அம்மாவுக்கு அந்த சீட் ஏன் பிடிக்கவில்லை என்பது எனக்குப் புரிகிறது. அவள் வளர்ந்ததும் என்னை வளர்த்ததும் மடியில்தான். சென்னையிலிருந்து வேலூருக்கு பஸ்ஸில் வரும்போது மூன்று பேர் சீட்டில் நாலு பேர் இருப்போம். கண்டக்டர் வந்து நின்று என்னைப் பார்த்து, "மடியில வெச்சிக்கம்மா" என்பார். அதோடு எனக்கு டிக்கெட் கிடையாது. அவள் புடவை மடிப்பில் முகம் வைத்துத் தூங்கி, வாலாஜாவில் வண்டி நிற்கும்போது வேர்க்கடலை விற்கிறவர்கள் சத்தத்தில் எழுந்து, மறுபடி தூங்கிப் போவேன். இன்றைக்கும் எனக்குப் பயணம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அந்தப் புடவையின் வேர்வை வாசனைதான். அப்படிப்பட்டவளிடம் போய், பேரன் உன் மடியில் உட்காரக் கூடாது என்று எப்படிச் சொல்வது?

ஆனாலும் கணக்கு வேறு. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி நின்றால், உள்ளே கட்டாமல் இருக்கும் உடம்புக்கு அது 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவது மாதிரி. எங்கள் பக்கத்துப் பனைமரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் உச்சியிலிருந்து குழந்தை விழும், நான் கீழே நின்று கையால் பிடித்துக்கொள்கிறேன் என்று யாராவது சொல்வோமா? மடியில் வைத்துக்கொள்கிறேன் என்பது அதேதான். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 194பி என்று ஒரு பிரிவே இருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் போனால் 1,000 ரூபாய் அபராதம். 2022 செப்டம்பரில் சைரஸ் மிஸ்திரி விபத்தில் இறந்தபோது, அவர் பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார் என்று போலீஸ் சொன்ன பிறகு கொஞ்ச நாள் எல்லோரும் அதைப் பேசினோம். அப்புறம் மறந்துவிட்டோம். பின்சீட் என்பது வீட்டுக் கூடம் மாதிரி, அங்கே எதுவும் ஆகாது என்றொரு நம்பிக்கை நமக்கு.

சூடு

ஆற்காடு வரை ஒரு பிரச்சினையும் இல்லை. காலைக் குளிர்ச்சியில் இரண்டும் தூங்கிவிட்டன. வாலாஜா தாண்டி பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது மகள் விழித்துக்கொண்டு, "ஆயா, ஆறு எங்க?" என்றாள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மணலும் முள்ளும்தான். "இதான்டி கண்ணு ஆறு. நாங்க சின்னப் புள்ளைல ஊத்து தோண்டி குடத்துல மொண்டுனு வருவோம்" என்று அம்மா கை காட்டிச் சொல்லிக்கொண்டு வந்தாள். 2021 நவம்பரில் இதே ஆற்றில் இரு கரையும் தொட்டுக்கொண்டு வெள்ளம் போனதை டிவியில் பார்த்தது மகளுக்கு ஞாபகம் இல்லை. அப்போது அவள் ரொம்பச் சின்னவள்.

அத்தை வீட்டில் இட்லி, வடகறி, கிளம்பும்போது ஒரு பெட்டி மக்கன் பேடா. அம்மா கண்ணில் நாங்கள் இன்னும் நார்த் ஆர்க்காட்டுக்குள்தான் இருந்தோம். ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டமாகி, குடியாத்தம் வேலூர் மாவட்டத்திலேயே நின்றுவிட்டதெல்லாம் 2019இல் நடந்தது. அவளுக்கு எல்லாம் ஒரே ஜில்லா.

சத்துவாச்சாரி போய்ச் சேரும்போது பத்தரை. சின்னம்மா வீட்டு வாசலில் நிழல் இல்லை. முன்பு இருந்த புங்கமரத்தை ரோடு போடும்போது எடுத்துவிட்டார்கள். வண்டியை அப்படியே வெயிலில் விட்டுவிட்டு உள்ளே போனோம். சாப்பாடு, பேச்சு, நுங்கு, மறுபடி பேச்சு. ஒன்றரைக்குக் கிளம்பினோம். சின்னம்மா ஒரு பை நிறைய இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கொடுத்தாள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கத்தரிக்காய். காம்பில் முள் குத்தும், எண்ணெயில் வதங்கினால் வெண்ணெய். அதை முன்சீட்டில் வைத்துவிட்டு வந்து மகனைத் தூக்கி சீட்டில் உட்கார வைத்து வாரை மாட்டினேன். வீறிட்டான்.

வாரைப் பூட்டும் பக்கிளின் இரும்பு நாக்கு. மூன்று மணி நேரம் வேலூர் வெயில் கண்ணாடி வழியாக அதன் மேலேயே விழுந்திருக்கிறது. தொடையின் உள்பக்கம் விரல் நீளத்துக்குச் சிவந்துவிட்டது. வேலூரில் மே மாதம் மதியம் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம், மூடிய காருக்குள் அதற்கும் மேலே போகும். எனக்கு இது தெரியும். ஒரு ஈரத் துண்டை அந்தப் பக்கிள் மேல் போட்டுவிட்டுப் போயிருந்தால் போதும். நுங்கு நினைப்பில் மறந்துவிட்டேன்.

சின்னம்மா ஓடிவந்து தண்ணீர் தொட்டு வைத்தாள். அவன் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அலறினான், அந்த சீட்டில் உட்கார மாட்டேன் என்று. தெருவில் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். "இன்னாடி இது, புள்ளைய கட்டிப்போட்டு இட்னு போற? கன்னுக்குட்டியா அது?" என்றாள் சின்னம்மா. சித்தப்பா கேட்டில் நின்றபடி, "அதுக்கெல்லாம் போலீசு புடிக்க மாட்டாம்மா" என்றார். அவர் என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். அப்போதுதான் அம்மா அவனை என் கையிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். வாங்கிய நொடியில் அழுகை பாதியானது. தட்டிக்கொடுத்துக்கொண்டே கேட்டாள், என் மடியவிடவா அந்த சீட்டு பத்திரம் என்று.

இன்னும் அரை மணி நேரம் சின்னம்மா வீட்டில் இருந்திருக்கலாம். ஏசியைப் போட்டு வண்டியைக் குளிரவிட்டு, அவன் தூங்கிய பிறகு சீட்டில் மாற்றியிருக்கலாம். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் இன்று சொல்வது அதுதான்: நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தை முதலில் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஆனால் அன்று எனக்கு மூன்று மணிக்குள் பெரிய மாமா வீட்டில் இருக்க வேண்டும் என்ற நினைப்பு. "சரிம்மா, வெச்சிக்கோ. பள்ளிகொண்டா வரைக்கும்" என்றேன். அவள் நடுசீட்டில் அவனை மடியில் போட்டுக்கொண்டாள். அவன் மேல் அழுத்துகிறது என்று தன் பெல்ட்டையும் கழற்றிவிட்டாள். கண்ணாடியில் பார்த்தேன். சொல்லவில்லை.

பொய்கை தாண்டி

பொய்கையில் செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை கூடும். அன்று செவ்வாய் இல்லை, ரோடு காலியாகத்தான் இருந்தது. 70இல் போய்க்கொண்டிருந்தேன். அம்மா பிள்ளைகளுக்குச் சிரசு கதை சொல்லிக்கொண்டு வந்தாள். அப்பா சொல் கேட்டுப் பரசுராமர் அம்மா ரேணுகாவின் தலையை வெட்டியது, அப்புறம் அப்பாவிடமே வரம் கேட்டு அம்மாவுக்கு உயிர் வாங்கியது, தலை வேறு உடம்பில் போய்ச் சேர்ந்தது. "அம்மாவ யாராவது வெட்டுவாங்களா ஆயா?" என்று மகள் கேட்டாள். அம்மா பதில் சொல்லவில்லை. கதை சொல்லியபடியே அவளுக்குக் கண் சொருகிவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. மதிய வெயில், வயிறு நிறையச் சாப்பாடு, மடியில் தூங்கும் குழந்தை. யாருக்கும் சொருகும்.

சர்வீஸ் ரோட்டிலிருந்து ஒரு டிவிஎஸ் எக்செல், பின்னால் ஒரு கட்டுப் புல், நேராக என் லேனுக்குள் எதிரே வந்தது. ராங் ரூட். அந்த மனிதரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதிர்ப்பக்கம் போக வேண்டுமென்றால் அவர் இரண்டு மூன்று கிலோமீட்டர் போய்த் திரும்பி வர வேண்டும். ரோட்டுக்கு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் நிலமுமாக இருக்கிறவர்கள் தினம் அப்படிப் போய்வர முடியாது. அவருக்கு இந்த ரோடு ஊருக்கு நடுவில் ஓடும் தெரு, எனக்கு அது ஹைவே. இரண்டு பேரும் ஒரே நொடியில் பார்த்தோம். நான் பிரேக்கை அழுத்தி மிதித்தேன்.

மோதவில்லை. வண்டி கிறீச்சிட்டு நின்றுவிட்டது, எக்செல் ஓரமாக ஒதுங்கிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் சொல்லியிருப்பார்கள். உள்ளே, என் இடது முழங்கைக்குப் பக்கத்தில் என் மகனின் தலை இருந்தது. இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில், கியருக்குப் பின்னால் இருக்கும் பெட்டியின் மேல் குப்புறக் கிடந்தான். ஒரு நொடி சத்தமே இல்லை. அந்த நொடியை நான் இன்னும் முழுசாகத் தாண்டி வரவில்லை. அப்புறம் அவன் மூச்சை இழுத்து அழுதான். கீழுதடு பல்லில் பட்டுக் கிழிந்து, பெட்டியின் மூடியில் ரத்தம்.

திரும்பினேன். அம்மா முன்சீட்டின் முதுகில் தோள் இடித்துச் சாய்ந்துகிடந்தாள். வலது கையை இறுக்கி மூடியிருந்தாள். அவன் நழுவியபோது அந்தக் கையால் சட்டையைப் பிடித்திருக்கிறாள். நன்றாகத்தான் பிடித்திருக்கிறாள். விரலைப் பிரித்தபோது உள்ளங்கையில் ஒரு வெள்ளைச் சட்டைப் பித்தானும் அறுந்த நூலும் இருந்தன. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் மட்டும் இருந்த இடத்தில் இருந்தாள், முடி முகத்தில் விழுந்திருந்தது. "எனக்கு ஒண்ணும் இல்ல ஆயா, பெல்ட்டு புடிச்சிக்கிச்சு" என்றாள். ஆயாவைத் தேற்றத்தான் சொன்னாள்.

எக்செல்காரர் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "அய்யோ, புள்ளைக்கு இன்னாச்சிமா?" என்று அவரும் நடுங்கினார். இளநீர்க் கடையிலிருந்து ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து அவரே பிடித்துக்கொண்டார். வழியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். தையல் வேண்டாம், தானாக ஆறிவிடும் என்றார். மிச்ச தூரத்துக்கு மகனை சீட்டில் கட்டினேன். அம்மா வாரைக் கையில் எடுத்துக் கொடுத்தாள். அழுதான். ஓட்டினேன்.

மாமாவின் கட்டைவிரல்

குடியாத்தத்தில் எல்லோரும் உதட்டைப் பார்த்து விசாரித்தார்கள். "வெளையாடச்சொல்லோ விழுந்துட்டான்" என்றாள் அம்மா. நானும் தலையாட்டினேன். பொண்ணு வண்டி ஓட்டினால் இப்படித்தான் என்று என்னை யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக அவள் பொய் சொன்னாள். அவளை யாரும் சொல்லிவிடக் கூடாது என்று நான் மறுக்கவில்லை. அன்று சாயங்காலம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கூட்டத்தில் சமையல் வேலை நிறைய, அது வசதியாகப் போயிற்று.

மறுநாள் சிரசு. மேளமும் சிலம்பாட்டமுமாக அம்மன் தலை ஊர்வலம் வர, தெருவெல்லாம் தேங்காய் சிதற, பிள்ளைகள் என் கணவர் தோளில் ஏறிப் பார்த்தார்கள். அதைப் பற்றி எழுதினால் வேறு கட்டுரை ஆகிவிடும்.

இரவு திண்ணையில் பெரிய மாமாவிடம் அம்மா நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே பிள்ளைகளைத் தூங்கவைத்துக்கொண்டு கேட்டேன். மாமா ஐம்பது வருடம் குழித்தறியில் லுங்கி நெய்தவர். குடியாத்தம் என்றால் அவருக்கு இரண்டு பெருமைதான்: லுங்கி, அப்புறம் 1954இல் காமராஜர் முதலமைச்சராகி இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தது இந்த ஊரில் என்பது. அம்மா சொல்லி முடித்தபோது அவர் ஒன்றும் பேசவில்லை. விடிந்ததும் என்னிடம் சாவி கேட்டார். காரின் பின்கதவைத் திறந்து, வெளியே நின்றபடியே குனிந்து, அந்த சீட்டின் வாரை இழுத்துப் பார்த்தார்.

அவர் வாரைப் பார்த்த விதத்தை நான் மறக்க மாட்டேன். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து, கரையிலிருந்து கரைக்கு மெதுவாகத் தேய்த்தார். நகத்தால் கீறிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். "பாவு இன்னா நெருக்கமா வெச்சிகிறான் பாரு. ஊடே தெரியல. கரைய ரெட்டையா அடிச்சிகிறான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். இத்தனை வருடமாக அந்த வாரை நான் பிளாஸ்டிக் மாதிரி ஒரு பொருளாகத்தான் நினைத்திருந்தேன். அது நெசவு, பாலியெஸ்டர் நூலில் நெய்த துணி. அப்புறம் சீட்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். அசையவில்லை. மெத்தை இடுக்கில் வண்டியின் உடம்போடு சேர்ந்த இரும்புக் கொக்கி இருப்பதைக் காட்டினேன். விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தார்.

அம்மாவைக் கூப்பிட்டார். "பாப்பா, இங்க வா. இத தொட்டுப் பாரு." அவள் தொட்டாள். "நீ புடிச்சதுல தப்பு இல்ல. சட்டை நூலு எவ்ளோ தாங்கும்? நம்ம கை நூலுதான். இது வேற நூலு." அவ்வளவுதான் சொன்னார். பனைமரக் கணக்கெல்லாம் அவரிடம் இல்லை. அம்மா கொஞ்ச நேரம் அந்த வாரைத் தடவிக்கொண்டு நின்றாள். அப்புறம் உள்ளே போய் ஊசி நூல் கேட்டு வாங்கி, பித்தானை அந்தச் சட்டையில் தைத்தாள். நாலு சுற்றுப் போட்டால் போதும் பித்தானுக்கு, இவள் எவ்வளவு சுற்றினாள் என்று நான் எண்ணவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் கிளம்பினோம், வெயில் தாழ்ந்த பிறகு. மதியமே அம்மா ஒரு துண்டை நனைத்துக்கொண்டு போய் சீட்டின் மேல் போட்டிருக்கிறாள், எனக்குத் தெரியாது. ஏறும் முன்னால் துண்டை எடுத்துவிட்டு, அந்த இரும்பு நாக்கைத் தன் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்த்தாள். பாட்டில் பாலை அப்படித்தான் தொட்டுப் பார்ப்பாள். ஆறியிருந்தது. அவனை உட்கார வைத்து வாரைப் போட்டாள். பக்கிள் எப்படி மாட்டுவது என்று தெரியவில்லை, மகள் எட்டி வந்து காட்டிக்கொடுத்தாள். டிக் என்று சத்தம் வரும் வரை அழுத்தினாள். பிறகு நடுசீட்டில் உட்கார்ந்து தன் பெல்ட்டையும் போட்டுக்கொண்டாள்.

பள்ளிகொண்டா வரும் வரை அவன் முனகினான். அம்மா இடது கையை நீட்டி அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலைக் கைக்குள் வைத்து, கட்டைவிரலால் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். முனகல் நின்றது. வேலூர் தாண்டும்போது இருட்டிவிட்டது. கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. வாலாஜா டோல்கேட்டில் வரிசையில் நின்றபோது அந்த மஞ்சள் வெளிச்சத்தில் திரும்பிப் பார்த்தேன். அவன் தூங்கியிருந்தான். மகளும் தூங்கியிருந்தாள். அம்மாவும் தூங்கிவிட்டாள், தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தது. கை மட்டும் அவன் குதிகாலை விடவில்லை.